கையெழுத்தும் போட்டாச்சு, பிரேதப் பரிசோதனையும் இல்லை: அம்மாவின் சாவுக்கு இனி நியாயம் கேட்க முடியுமா?

முக்கூடல் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 31 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். கடிதத்தின் சுருக்கம் இது:

"அம்மாவுக்கு 54 வயது. பீடி சுற்றிவந்தார். பித்தப்பையில் கல் என்று பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திங்கள்கிழமை காலை லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தார்கள். செவ்வாய் இரவு 10 மணிக்கு வயிற்றுவலி கூடி, வயிறு உப்ப ஆரம்பித்தது. புதன்கிழமை காய்ச்சல், வாந்தி, மூச்சிரைப்பு. கேட்கும்போதெல்லாம் நர்ஸ்கள், 'வெறும் வாயுதான், எழுந்து நடக்கச் சொல்லுங்க' என்றார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் வந்தது வியாழன் மாலை 6 மணிக்கு. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். 108 வண்டி வந்து நின்ற அவசரத்தில் அப்பாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம்' என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் காத்திருந்து, அன்று இரவே வயிற்றைத் திறந்தார்கள். வயிறு முழுக்கப் பித்தநீர் என்று அங்குள்ள டாக்டர் சொன்னார். சனிக்கிழமை விடியற்காலம் அம்மா போய்விட்டார். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று எரித்துவிட்டோம். 17 மாதம் ஆகிறது.

காப்பீட்டு அட்டையில்தான் சேர்த்தோம். அது போக 62,000 ரூபாய் கையில் வாங்கினார்கள். பில் 18,000 ரூபாய்க்குத்தான் தந்தார்கள். இப்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் வழியாக 2 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள், ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால். மாமா, 'அங்கேயும் கையெழுத்துப் போட்டாச்சுல்லா, அறுத்தும் பார்க்கல, இனி கேஸ் நிக்காது, வர்றதை வாங்கிக்கோங்க' என்கிறார். காலேஜில் படிக்கும் தம்பி, ஆட்களைக் கூட்டி ஆஸ்பத்திரி முன்னால் உட்காரலாம் என்கிறான். அந்த டாக்டரை ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா? அரசு ஆஸ்பத்திரி மேலும் கேஸ் போடலாமா? புதன்கிழமை அம்மா கேட்டார் என்று ரெண்டு மடக்கு இளநீர் கொடுத்தேன். அதனால்தான் இப்படி ஆனது என்று அங்கே சொன்னார்கள். அதை என்னால் மறக்க முடியவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

இளநீரிலிருந்தே தொடங்குகிறேன். பித்தப்பையை எடுக்கும்போது அதன் குழாயை கிளிப் போட்டு அடைப்பார்கள். அந்த கிளிப் நழுவினாலோ, பக்கத்தில் உள்ள பித்தக்குழாயில் காயம் பட்டாலோதான் பித்தநீர் வயிற்றுக்குள் கசியும். வாய்வழியாகக் குடித்த ரெண்டு மடக்கு இளநீர் அதைச் செய்யாது. உங்கள் அம்மாவின் வயிறு உப்பத் தொடங்கியதும் செவ்வாய் இரவு. நீங்கள் இளநீர் கொடுத்தது அதற்கு மறுநாள். வாய்வழி எதுவும் தரக்கூடாது என்றால் அதை டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும், நர்ஸ் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்ப்போம். விசாரணையில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் பழியை நீங்கள் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

அடுத்து, உங்களுக்குக் கசக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பித்தநீர் கசிந்தது என்பது மட்டுமே கவனக்குறைவு ஆகிவிடாது. லேப்ராஸ்கோப்பியில் பித்தக்குழாய் காயம் ஆயிரத்தில் சிலருக்கு, நல்ல கைகளிலும் நேர்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே இதைத்தான் சொல்வார், வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமும் ஏற்கும். "ஆபரேஷனைத் தப்பாகச் செய்து கொன்றுவிட்டார்கள்" என்று மனு எழுதினால் அவர்களுக்கு வசதியான இடத்தில் போய் நிற்பீர்கள்.

உங்கள் வழக்கு இருப்பது செவ்வாய் இரவு 10 மணிக்கும் வியாழன் மாலை 6 மணிக்கும் இடையே. 44 மணி நேரம். ஆபரேஷன் முடிந்தவருக்கு வலி குறைவதற்குப் பதில் கூடுகிறது, வயிறு உப்புகிறது, காய்ச்சல், மூச்சிரைப்பு என்றால் உள்ளே கசிவோ சீழோ இருக்கிறதா என்று பார்ப்பது எந்த அறுவைச் சிகிச்சை டாக்டரும் செய்ய வேண்டிய முதல் காரியம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் வேண்டும். இரண்டும் பாளையங்கோட்டையில் சில மணி நேரத்தில் கிடைப்பவை. கசிவை நேரத்தோடு கண்டுபிடித்தால் குழாய் வைத்து வடித்து, எண்டோஸ்கோப்பி மூலம் பித்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்துப் பலரைக் காப்பாற்றிவிடலாம். விட்டுவிட்டால் நச்சு ரத்தத்தில் ஏறி, ரத்த அழுத்தம் விழுந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். ஆக நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அந்த 44 மணி நேரத்தில் யார் வந்து பார்த்தார்கள், என்ன எழுதினார்கள், டாக்டருக்கு எப்போது தகவல் போனது என்பதே.

கையெழுத்தும் பிரேதப் பரிசோதனையும்

மாமா சொல்லும் இரண்டு காரணங்களும் நிற்காது. ஆபரேஷனுக்கு முன் போட்ட சம்மதக் கையெழுத்து, அந்த ஆபரேஷனுக்கும் அதில் இயல்பாக உள்ள ஆபத்துக்கும் மட்டுமே. கவனிக்காமல் விடுவதற்கு யாரும் சம்மதம் தர முடியாது. சம்மதம் என்றால் ஆபத்துகளை நோயாளிக்குப் புரியும்படி சொல்லிப் பெற்றதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் விளக்கியிருக்கிறது. கிளம்பும்போது அப்பாவிடம் வாங்கிய தாள் இன்னும் பலவீனமானது. ஸ்கேன் எடுத்து, ஐகிரவுண்டுக்குப் போகச் சொன்னதே அவர்கள். 108ஐ யார் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு என்பது பதிவில் இருக்கும். பரிந்துரைக் கடிதம் கொடுத்திருந்தால் "சொந்த விருப்பம்" அங்கேயே அடிபட்டுப் போகும்.

பிரேதப் பரிசோதனை செய்திருந்தால் நல்லதுதான். உடல் இருக்கும்போதே சந்தேகம் வருகிறவர்கள் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் உங்கள் விஷயத்தில் அரசு டாக்டர்கள் உயிரோடு இருக்கும்போதே வயிற்றைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அறுவைக் குறிப்பில் எவ்வளவு பித்தநீர் இருந்தது, எங்கே கசிவு, சீழ் கட்டியிருந்ததா, குடலின் நிலை என்ன என்று எழுதியிருப்பார்கள். பிரேதப் பரிசோதனை சொல்லியிருக்கக்கூடிய முக்கியமான சேதி அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது.

இதனால்தான் அரசு மருத்துவமனையை எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டாம் என்கிறேன். சட்டப்படியும், எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது; 1995ஆம் ஆண்டின் வி.பி. சாந்தா தீர்ப்பு அப்படிச் சொல்கிறது. அரசு மருத்துவமனையின் தவறுக்கு வழியே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. சிவில் வழக்கும், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுவும் உண்டு. ஆனால் நாலு மணி நேரக் காத்திருப்பு, ரத்தம் ஏற்றி, மயக்க மருந்துக்கு உடலைத் தயார்செய்த நேரமாக இருக்கலாம். உங்களுக்குச் சாட்சியாக வரவேண்டிய குறிப்பை எழுதியவர்களையே எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள்.

முதல் வேலை காகிதம்

வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் கேஸ் ஷீட் கைக்கு வரவேண்டும். உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், ஆதார் நகல்களை இணைத்து அப்பாவும் நீங்களும் கையெழுத்திட்டு, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை. கோபமாக ஒரு வரியும் வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் தந்து அனுப்பப் பார்ப்பார்கள். ஆகவே இன்னின்னது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்: சேர்க்கைக் குறிப்பு, சம்மதப் படிவம், மயக்க மருந்துக் குறிப்பு, அறுவைக் குறிப்பு, டாக்டரின் அன்றாடக் குறிப்புகள், நர்ஸ்களின் நாடித்துடிப்பு-காய்ச்சல்-ரத்த அழுத்த அட்டவணை, உள்ளே போன நீர் வெளியேறிய நீர் கணக்கு, மருந்து அட்டவணை, எல்லா லேப் ரிப்போர்ட்டும் ஸ்கேனும், அனுப்புகைக் கடிதம், அந்த நான்கு நாள் இரவு டூட்டியில் இருந்த டாக்டர்களின் பெயரும் பதிவு எண்ணும்.

வந்ததும் நாடித்துடிப்பு அட்டவணையைப் பாருங்கள். 80, 90இல் இருந்த துடிப்பு புதன்கிழமை 110, 120 என்று ஏறியிருந்து, பக்கத்தில் டாக்டர் குறிப்பு எதுவும் இல்லையென்றால் அதுவே உங்கள் பலமான ஆதாரம். மாறாக நான்கு நாளும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், துடிப்பு 84, 84, 82 என்று சீராக இருந்தால் பின்னால் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். அதைச் சோதிக்க வெளியே இருக்கும் பதிவுகள் உதவும். 108 வண்டியில் ஏற்றியபோது குறித்த துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்று. மருந்துக்கடை பில்லும் லேப் பில்லும் இன்னொன்று: அவற்றில் தேதியும் பெரும்பாலும் நேரமும் இருக்கும். புதன்கிழமையே வீரியமான ஆன்டிபயாடிக் ஆரம்பித்ததாக கேஸ் ஷீட் சொல்லி, அதை வாங்கிய பில் வியாழன் இரவு என்றிருந்தால் உடைந்துவிடும். பில்லையெல்லாம் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பீரோவில் தேடுங்கள்.

பலர் நினைத்துப் பார்க்காத ஒரு இடமும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் பெற மருத்துவமனை சிகிச்சை ஆவணங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கும். அந்த நகலை அவர்களால் இப்போது மாற்ற முடியாது. திட்டத்தை நடத்தும் தமிழ்நாடு சுகாதாரத் திட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பியுங்கள். ஐகிரவுண்டு மருத்துவமனையின் பதிவுகளுக்கும் அதே வழி. பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தர வேண்டும், உள்நோயாளி எண்ணைக் குறிப்பிடுங்கள். பில் இல்லாமல் வாங்கிய 44,000 ரூபாய்க்கு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்டப் பிரிவில் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

உங்கள் போனில் அந்த நாட்களின் அழைப்புப் பட்டியல், வாட்ஸ்அப் செய்தி, வயிறு உப்பியிருந்த படம் ஏதாவது இருந்தால் போனை மாற்றாமல் பத்திரப்படுத்துங்கள். படத்தை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். அதை வழக்கறிஞர் தயாரித்துத் தருவார்.

எங்கே, எவ்வளவு நாளுக்குள்

திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில். காப்பீட்டு அட்டையில் இலவசமாகச் சேர்ந்ததால் நுகர்வோர் ஆக மாட்டோம் என்ற பயம் வேண்டாம். நோயாளிக்காகக் காப்பீடு பணம் கட்டினாலும் அது கட்டணச் சேவையே என்று சாந்தா தீர்ப்பிலேயே இருக்கிறது. இறந்தவரின் வாரிசுகள் புகார்தாரர் ஆகலாம். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. எவ்வளவு இழப்பீடு கேட்கிறீர்கள் என்பதை வைத்துக் கட்டணம் வராது.

கெடு 2 ஆண்டு. உங்களுக்கு மிச்சம் இருப்பது 7 மாதம். இறந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், ஆபரேஷன் நாளிலிருந்தே எண்ணி அதற்குள் தாக்கல் செய்யுங்கள். தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டுதான், ஆனால் அதை நம்பி இருப்பது ஆபத்து. ஊர்ப் பெரியவரோடு நடக்கும் பேச்சு இந்தக் கெடுவை நிறுத்தாது. பேச்சை இழுத்துக்கொண்டே போவதற்குச் சில நேரம் அதுவே காரணம்.

மனுவுக்கு முன் ஒரு அறுவைச் சிகிச்சை நிபுணரின் எழுத்துக் கருத்தை வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. இருந்தாலும் உங்களுடையது போன்ற வழக்கில் அது இல்லாமல் போவதை நான் விரும்பமாட்டேன். உள்ளூரில் தயங்குவார்கள், மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். "தப்பா சரியா" என்று கேட்காமல், புதன் காலை இருந்த அறிகுறிகளுக்கு என்ன செய்திருக்க வேண்டும், அன்றே ஸ்கேன் எடுத்திருந்தால் பிழைக்க வாய்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னால் வழக்கு வேண்டாம்.

நர்ஸ் தவறா, டூட்டி டாக்டர் தவறா என்று பிரித்து நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல் இல்லை. ஊழியர்களின் தவறுக்கு மருத்துவமனையே பொறுப்பு. முதற்கட்ட ஆதாரம் நீங்கள் காட்டியதும், கவனமாக இருந்தோம் என்று நிரூபிப்பது அவர்கள் கடமை. 2004ஆம் ஆண்டின் சவிதா கார்க் தீர்ப்பு அது. சட்டம் 3 முதல் 5 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடைமுறையில் சில ஆண்டுகள் ஆகும், மேல்முறையீடும் வரும். மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். செலவுக்குக் கவலை இருந்தால் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. விண்ணப்பம் உங்கள் பெயரில் இருக்கட்டும். தொலைபேசி எண் 15100.

போலீஸ், கவுன்சில், முற்றுகை

ஜெயில் பற்றிக் கேட்டீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில், சிகிச்சையின்போது கவனக்குறைவால் மரணம் விளைவித்த பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும். அதற்கு முன் போலீஸ் ஒரு சுயேச்சையான மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும். வழக்கமாகக் கைது செய்யக்கூடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது. 17 மாதம் கழித்து அந்த வழியில் போவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அதோடு, குற்ற வழக்கில் "ஆதாரம் இல்லை" என்று அறிக்கை வந்தால் அதையே நுகர்வோர் ஆணையத்திலும் நீட்டுவார்கள்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். மருத்துவரின் பதிவை நிறுத்திவைக்க அதற்கு அதிகாரம் உண்டு; பணம் வாங்கித்தர அதிகாரம் இல்லை. மருத்துவமனையின் பதிவு, ஆள் வசதி குறித்த புகார் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு.

தம்பியை நிறுத்துங்கள். மருத்துவமனைகளில் வன்முறையைத் தடுக்க 2008இல் தமிழ்நாடு தனிச்சட்டம் போட்டிருக்கிறது; ஜாமீனில் வர முடியாத பிரிவு அது. கூட்டத்தில் யாரோ ஒருவர் ஒரு கண்ணாடியை உடைத்தாலும், கல்லூரியில் படிக்கிற பையன் மேல் வழக்கு நிற்கும். ஃபேஸ்புக்கில் டாக்டர் படத்தைப் போட்டு எழுதுவதும் வேண்டாம்.

அந்த 2 லட்சம்

சமரசம் கேவலமில்லை. ஆனால் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் விலை பேசக்கூடாது. ஒரு தோராயக் கணக்கு: பீடியும் வீட்டு வேலையுமாக அம்மாவின் உழைப்பை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,08,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 72,000. விபத்து வழக்குகளில் இழப்பீட்டைக் கணக்கிட, 51 முதல் 55 வயதில் இறந்தவரின் ஆண்டுத் தொகையைப் பெருக்கும் எண் 11. அதன்படி 7,92,000 ரூபாய். மருத்துவச் செலவும் மன வேதனைக்கான தொகையும் தனி. ஆணையம் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதில்லை, குறைத்தும் தரலாம், கூட்டியும் தரலாம். வழக்குத் தோற்றால் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சமரசம் என்றால் ஆணையத்தின் மத்தியஸ்தத்திலோ லோக் அதாலத்திலோ பதிவாகி, பணம் வங்கிக் கணக்கில் வரட்டும். பெரியவர் வீட்டுத் திண்ணையில் ஸ்டாம்ப் பேப்பரில் போடும் கையெழுத்து வேண்டாம். "கொஞ்சம் யோசிக்கணும் அண்ணாச்சி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவிடம் கம்பெனி பீடி பாஸ்புக் இருந்ததா, பி.எஃப். பிடித்தார்களா? இருந்தால், பணியில் இருக்கும்போதே இறந்ததால், பி.எஃப். சேமிப்பு போக அதனோடு இணைந்த காப்பீட்டுத் தொகையும் உண்டு. தொடர்ந்து 12 மாதம் வேலை இருந்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். அப்பாவுக்கு மாத ஓய்வூதியமும், 25 வயது வரை தம்பிக்கு ஒரு பங்கும் கிடைக்கும். இதற்கும் மருத்துவமனை வழக்குக்கும் சம்பந்தம் இல்லை. பீடித் தொழிலாளர்களின் பி.எஃப். கணக்கில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகாமல் கிடப்பது சகஜம். ஆகவே பாஸ்புக்கையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு முதலில் கம்பெனிக் கடைக்குப் போய்த் திருத்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, பிறகு திருநெல்வேலி பி.எஃப். அலுவலகத்தில் கொடுங்கள். அந்தப் பாஸ்புக்கின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். ஆணையத்தில் அம்மாவின் வருமானத்துக்கு அதுதான் சான்று.